யாரும் வந்து கேட்கவில்லை

உலகத்துக்கு யோசனை சொல்லும் கூட்டத்துக்கு என்னை அழைக்க ஆள் வந்தபோது நான் முதலில் செய்த காரியம், வந்தவர்களை விரட்டியதுதான்.

எங்கள் வீடு கீழக்குயில்குடிக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. முன்னறையில் மெஷினைப் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அன்றைக்குப் பகல் பதினோரு மணி இருக்கும். தெருவில் ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண்ணும், பின்னால் பேப்பர் கட்டோடு இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

"அக்கா, உலகம் பூராவும் இருந்து சாதாரண ஜனங்களைக் குலுக்கல்ல எடுத்து..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தார்.

குலுக்கல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஏறிவிட்டது. எதிர்வீட்டுக்காரிக்கு இப்படித்தான் கார் விழுந்திருக்கிறது என்று போன் வந்து, பேங்கில் இருந்ததை எல்லாம் துடைத்துக்கொண்டு போனான் ஒரு படுபாவி.

"காரும் வேணாம், பங்களாவும் வேணாம். வந்த வழியப் பாத்துக் கெளம்புங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "காரெல்லாம் இல்லக்கா. வந்து பேசணும். அம்புட்டுதான்."

"பேசுறதுக்கா ஆளு தேடி வந்திருக்கீங்க?"

"ஆமாக்கா."

இதற்கு எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைத்தான் கை காட்டியிருப்பார்கள். சரி, உள்ளே வாருங்கள் என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அவர் விளக்கமாகச் சொன்னார். உலக வரைபடத்தில் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் புள்ளி வைத்ததாம். அதில் ஒரு புள்ளி எங்கள் பக்கம் விழுந்திருக்கிறதாம். புள்ளி விழுந்த ஊரில் விருப்பம் உள்ளவர்களின் பேரை எழுதிக்கொண்டு, அதிலிருந்து ஒருவரைக் குலுக்கி எடுப்பார்களாம். படிப்பு வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். மொழிபெயர்க்கிற வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

"வெயிலு வருசா வருசம் கூடிக்கிட்டே போகுதுல்லக்கா? அதுக்கு என்ன செய்யலாம்னு உங்கள மாதிரி ஆளுங்க எல்லா நாட்டுல இருந்தும் சேந்து சொல்லணும். அதைப் பெரிய தலைவருங்க கூடுற மாநாட்டுல கொண்டு போயி வைப்பாங்க."

வெயில் என்றதும் மெஷினை நிறுத்திவிட்டேன். அதுவரைக்கும் ஒரு காலால் மிதித்துக்கொண்டேதான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். பேசாத மனிதர். நான் பத்து வார்த்தை பேசினால் 'ம்' என்பார், இருபது பேசினால் 'ம்ம்' என்பார். போன சித்திரையில் மேலூர் பக்கம், பிளாட் போட்டு விற்ற ஒரு பொட்டலில் வீடு கட்டும் வேலை. மதியம் கூட வேலை பார்க்கிறவரிடமிருந்து போன். "யக்கா, அண்ணே மயங்கி விழுந்துட்டாரு. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்." நான் போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடெல்லாம் வெடித்து, என்னையே யார் என்று பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்கு உயிரே போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது, உச்சி வெயிலில் வேலைக்கு விடாதீர்கள் என்றார் டாக்டர்.

விடாதே என்றால் எப்படி? மதியத்தோடு இறங்கினால் அரை நாள் கூலிதான். மகள் நர்சிங் படிக்கிறாள். அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். படுக்கையிலிருந்து எழுந்த அடுத்த வாரமே மனிதர் தூக்குச்சட்டியோடு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து மதியத்தில் போன் அடித்தால் தைப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

அதனால்தான் பேரைக் கொடுத்தேன். குலுக்கலில் என் பேர் வந்தது. எங்கள் தெருவே சிரித்தது. "இம்புட்டு நாளா எங்களப் பேசிப் பேசிக் கொன்ன, இனி ஒலகத்தையா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

கூட்டத்துக்கு நான் எந்த நாட்டுக்கும் போகவில்லை. டவுன் பஸ் பிடித்து மதுரையில் நாயக்கர் மகால் பக்கம் போனேன். அன்றைக்கு அட்டை மாட்டிக்கொண்டு வந்த பெண்தான் என் மொழிபெயர்ப்பாளர்; அங்கே ஒரு சந்தில், மாடியில் இங்கிலீஷ் டியூஷன் நடத்துகிறார். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். கீழே இருக்கும் அம்மாவிடம் அவர்கள் பாஷை, என்னிடம் மதுரைத் தமிழ், கம்ப்யூட்டரிடம் இங்கிலீஷ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி மாற்றிப் பேசுவார். சுவரில் ஆப்பிள் படம், நாய் படம் எல்லாம் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் என்னை உட்கார வைத்து, எதிரே மடிக்கணினியைத் திறந்தார். வாரம் ஒரு நாள், சாயங்காலம்.

எங்கள் குழுவில் நாலு பேர். பிலிப்பைன்ஸில் மீன் விற்கும் அம்மா ஒருவர். பெரு நாட்டு மலையில் உருளைக்கிழங்கு போடும் விவசாயி ஒருவர்; அவருக்கு அது விடியற்காலை, எப்போதும் போர்வை போர்த்திக்கொண்டு கொட்டாவியோடு வருவார். நார்வேயில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவர் ஸ்வெட்டர் போடாமல் நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் மொழிக்காரர். இவர்களோடு கூட்டத்தை நடத்துகிற ஒரு பெண், கண்ணாடி போட்டவர், பஞ்சு மாதிரிக் குரல்.

முதல் நாளே அந்தப் பெண் விதியைச் சொன்னார். பேசி முடித்ததும் ஒரு வாக்கியத்தைத் திரையில் போடுவார். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் கையைத் தூக்க வேண்டும். ஒருவரும் தூக்காவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொள்வார். நான் தலையை ஆட்டினேன். என் கண் அப்போது மீன்காரம்மாவின் பூப்போட்ட சட்டையில் இருந்தது. கழுத்துப் பட்டியை அருமையாக மடித்துத் தைத்திருந்தார்கள்.

மூன்று வாரம் ஜோராகப் போயிற்று. தண்ணீர், மரம், பஸ் என்று என்னென்னவோ பேசினோம். மீன்காரம்மா அவர் ஊர் வெயிலைச் சொன்னார், நான் எங்கள் ஊர் வெயிலையும் என் வீட்டுக்காரர் விழுந்ததையும் சொன்னேன். ஸ்வெட்டர் வாத்தியார் இரண்டையும் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். நல்ல மனிதர். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். என்னையே ஒருவர் ஓரம் கட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வாரம் அவர்தான் அந்த வாக்கியத்தைக் கொண்டுவந்தார். கடும் வெயில் நாட்களில் உலகம் எங்கும் உச்சிப்பொழுதில் வெளிவேலை நிறுத்தப்பட வேண்டும். அவ்வளவுதான் வாக்கியம். சொல்லிவிட்டுக் கருணையோடு எங்களைப் பார்த்தார்.

எனக்கு உள்ளே குப்பென்று பற்றிக்கொண்டது. நிறுத்துவது சரி, கூலி? சட்டமே வந்து வேலையை நிறுத்தினால் மேஸ்திரி சந்தோஷமாக அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்வான். இதுவரைக்கும் என் வீட்டுக்காரருக்கு வெயில் மட்டும்தான் எதிரி. இனி வாக்கியமும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு நேரம் என் வீட்டுக் கதையைக் கேட்டுக் கண் கலங்கிய மனிதருக்கு இது கூடவா தோன்றாது?

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கத்தினால் கோபம் இல்லை. பேசாமல் இருந்தால்தான் கோபம். இது என் ஒருத்தியின் குணம் இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாய்மாமனுக்கு மரியாதை குறைந்தால் அவர் சண்டை போட மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். உள்ளே மேளம் நின்றுவிடும். ஐயர் மணியைப் பார்ப்பார். பெரியவர்கள் நாலு பேர் ஓடிவந்து, "மாப்ள, என்ன கொறை? வாயத் தொறந்து சொல்லு" என்று கையைப் பிடிப்பார்கள். அதற்கப்புறம்தான் அவர் சொல்லுவார். அவர் பேசாமல் இருக்கிறவரைக்கும் தாலி ஏறாது. தெருக் கூட்டத்திலும் இதேதான். பிடிக்காதவன் வாயை மூடிக்கொள்வான். மூடிக்கொண்டவனைத் தேடிப் போய்க் கேட்பது மற்றவர்கள் பொறுப்பு. பேசாவிட்டால் சம்மதம் என்று பெண் பார்க்க வந்த இடத்தில் வேண்டுமானால் சொல்லிக்கொள்வார்கள். அதுவும் பெண்ணைக் கேட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆக, உலகத்தின் முன்னால் நான் முறுக்கிக்கொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஆப்பிள் படத்தையே முறைத்தேன். இந்தா, இப்போது கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று இருந்தேன். கேட்டால் கிழித்துவிடலாம் என்று வார்த்தைகளைக் கூட அடுக்கி வைத்திருந்தேன். பக்கத்தில் என் மொழிபெயர்ப்பாளர் நெளிந்தார். சொன்னதை மட்டும்தான் மொழிபெயர்க்க வேண்டும், தூண்டிவிடக் கூடாது என்பது அவருக்குப் போட்ட விதி. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பஞ்சுக்குரல் பெண் வாக்கியத்தைத் திரையில் போட்டார்; கொஞ்சம் பொறுத்து, புன்னகையோடு நன்றி சொன்னார். வாத்தியார் கை அசைத்தார். திரை அணைந்தது.

"ஏன்க்கா ஒண்ணுமே சொல்லாம இருந்தீங்க? பாஸ் ஆயிருச்சே!"

"என்னது பாஸா? நான் கோவமால்ல இருந்தேன்!"

"நீங்க கோவமா இருந்தது எனக்குத் தெரியும்க்கா. நான் மதுரைக்காரி. நார்வேக்காரருக்கு எப்பிடித் தெரியும்? உங்க சம்மதம்னு எழுதிட்டாங்க."

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

"நீங்க மூஞ்சியவும்ல திருப்பிக்கிட்டீங்க."

சொல்லிவிட்டு அந்தப் பெண் பெஞ்சில் குனிந்து குனிந்து சிரித்தார். கீழே போய் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் சொல்ல, அந்த அம்மாவும் சிரிக்கிற சத்தம் மாடிக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். வேண்டாத இடத்தில் எல்லாம் வாய் நீண்ட நான், என் புருஷனுக்காகப் பேச வேண்டிய இடத்தில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே!

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கூட்டம். அந்த வாரம் முழுக்க நான் தைத்த பிளவுஸ் எல்லாம் கை இறுக்கம் என்று திரும்பி வந்தது. காலையில் அவர் தூக்குச்சட்டியை எடுக்கும்போதெல்லாம், "மத்தியானம் பாத்து" என்பேன். அவர் 'ம்' என்பார்.

கடைசிக் கூட்டத்தில் ஸ்வெட்டர் வாத்தியார் வணக்கம் சொல்லும் முன்பே கையைத் தூக்கிவிட்டேன். பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றேன்.

"போன வாரம் நான் பேசாம இருந்ததுக்குச் சம்மதம்னு அர்த்தம் இல்ல. எங்க ஊர்ல பேசலைன்னா கோவம்னு அர்த்தம். யாராச்சும் வந்து கேப்பீங்கன்னு இருந்தேன். யாரும் கேக்கலை."

என் மொழிபெயர்ப்பாளர் இதை இங்கிலீஷில் சொன்னபோது என்னைவிடக் கோபமாகச் சொன்னார். விதியில் அதற்கு இடம் உண்டா என்று தெரியவில்லை.

கூட்டம் நடத்துகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிந்துபோன வாக்கியத்தைத் திறக்க வேண்டும் என்றால் ஒருவர் கேட்டால் போதாது, குழுவில் இன்னொருவரும் கேட்க வேண்டும் என்றார். அது விதியாம். எந்த மகராசன் எழுதிய விதியோ!

திரையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நான் நின்றபடியே இருந்தேன்.

அப்போது மீன்காரம்மா மெல்லக் கையைத் தூக்கினார். அவர் பேசப் பேச அவருடைய மொழிக்காரர் இங்கிலீஷுக்கு மாற்ற, எங்கள் ஆள் தமிழுக்கு மாற்றினார். அவருக்கும் அந்த வாக்கியம் பிடிக்கவில்லையாம். மதியம் சந்தையை மூடினால் மீன் என்ன ஆகும் என்று நினைத்தாராம். ஆனால் அவர் ஊரில் வயதில் பெரியவர் ஒன்று சொல்லும்போது நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவது அவமரியாதையாம். வாத்தியாருக்கு வெள்ளைத் தலை. அதனால் குனிந்துகொண்டு, தனியாக யாராவது கேட்பார்களா என்று இருந்தாராம். அட என் தாயே! கடலுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"நீங்க என்ன நெனச்சீங்கய்யா?" என்று உருளைக்கிழங்குக்காரரை நானே கேட்டேன்.

அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "எந்த வாக்கியம்?" என்றார். போன வாரம் அவர் மலையில் இடி இடித்து நெட் போய்விட்டதாம். கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம் அவர் இல்லவே இல்லை. சிரித்த முகத்தோடு அவர் படம் மட்டும் அசையாமல் திரையில் நின்றிருக்கிறது. அதையும் சம்மதம் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆக நாலு பேரில் ஒப்புக்கொண்டவர் வாத்தியார் ஒருவர்தான். ஒருத்தி கோபத்தில், ஒருத்தி மரியாதையில், ஒருவர் ஆளே இல்லை. பஞ்சுக்குரல் பெண்ணின் முகம் சிவந்துபோயிற்று. வாத்தியார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். உருளைக்கிழங்குக்காரர் எதற்கென்று தெரியாமலே எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

வாக்கியத்தைத் திறந்தார்கள். வாத்தியார் அன்றைக்குப் பிரசங்கம் பண்ணவில்லை; ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். சந்தைக்கு வேறு நேரம் என்று ஒரு வரி சேர்ந்தது. 'நிறுத்தப்பட வேண்டும்' என்பதற்கு முன்னால் 'கூலியில் ஒரு பைசாவும் பிடிக்காமல்' என்று சேர்ந்தது. ஒரு பைசாவும் என்பது என் வார்த்தை. இந்த முறை ஒவ்வொருவரும் வாய்விட்டு 'சம்மதம்' என்று அவரவர் பாஷையில் சொன்னோம். கூட்டம் முடிந்தது. இனி அது மாநாட்டுக்குப் போகும், திருத்த முடியாது என்றார்கள்.

வீட்டுக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரர் அப்போதுதான் வந்து, பின்கட்டில் கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் சோற்றைப் போட்டபடியே முழுவதையும் சொன்னேன். முறுக்கிக்கொண்டது, மீன்காரம்மா, அசையாத படம், ஒரு பைசாவும் பிடிக்காமல், எல்லாம்.

"இனிமே உச்சி வெயில்ல நீங்க சுவத்து மேல நிக்க வேணாங்க. ஒலகமே ஒத்துக்கிச்சு. வேலைய நிறுத்திட்டு உக்காந்துக்கலாம். கூலியும் வந்துரும்."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "எங்க உக்கார்றது?" என்றார்.

"என்ன எங்க உக்கார்றது?"

"இப்பவும் அந்த மேலூர்ப் பொட்டல்லதான வேலை, அங்க ஒரு மரம் கெடையாது. கட்டுற வீட்டுக்கு இன்னும் கூரை இல்ல. ஊருக்குத் திரும்ப பஸ்ஸு சாயங்காலந்தான். வேலையா இருந்தாலாச்சும் சுவரு நெழலுக்குத் தக்கன மாறி மாறி நிப்போம், கல்லு நனைக்கிற தண்ணிய மேல ஊத்திக்குவோம். போன வருசம் நான் சுவத்து மேல இருந்தா விழுந்தேன்? சாப்பிட்டுட்டு செங்கல் அடுக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தப்பத்தான விழுந்தேன்."

அந்த மனிதர் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் எப்படி விழுந்தார் என்று நானும் இதுநாள் வரை கேட்டதில்லை. வேலை பார்க்கும்போதுதான் என்று நானாக நினைத்துக்கொண்டு, அதை நாலு நாட்டுக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"அதுல நெழலுன்னு ஒரு வார்த்தை சேக்கச் சொல்லேன்" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்க. இனித் திருத்த முடியாதாம்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ரசம் கேட்டார், ஊற்றினேன். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, ஏதோ தெரிந்துகொள்கிற சாதாரணக் குரலில் கேட்டார்.

"அந்தக் கூட்டத்துல கொத்தனாரு ஒருத்தருமே இல்லையா?"

"இல்ல" என்றேன். அதான் உங்களுக்காக நான் இருந்தேனே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன்.